ரோஸ் கலர் கணக்கு

2024 பிப்ரவரியில் ஒரு விசித்திரமான ஆசாமி மாட்டினான். ஆள் ரோஸ் கலர். உடம்பு பூராவும் பஞ்சு. கையில் பிடித்தால் ஒட்டுவான், வாயில் போட்டால் காணாமல் போய்விடுவான். பஞ்சு மிட்டாய்! முதலில் புதுச்சேரியில் தடை போட்டார்கள். சில நாள் கழித்துத் தமிழ்நாடு அரசும் போட்டது. மிட்டாயை எடுத்துப் போய் லேபில் பார்த்தால், ரோஸுக்குக் காரணம் ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். நம் சட்டையில் இருக்க வேண்டியது குழந்தைகள் நாக்கில் இருந்திருக்கிறது.

பேப்பரில் எல்லோரும் 'ஐயோ, விஷம்' என்று எழுதினார்கள். நியாயம்தான். நான் பி.காம். எனக்கு வேறு சந்தேகம். அந்த மிட்டாய்க்காரருக்கு நம் குழந்தைகள் மேல் என்ன விரோதம்? ஒன்றுமில்லை. (பஞ்சு மிட்டாய் சுற்றுகிற மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மாசக் கடைசியில் நாம் இருப்பதைவிடப் பாவமாக இருப்பார்.) அப்புறம் ஏன் போட்டார்?

கணக்கு சார், கணக்கு.

2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள் எட்டே எட்டு செயற்கைக் கலர்களைத்தான் சாப்பாட்டில் அனுமதித்தன. அதுவும் குறிப்பிட்ட பண்டங்களுக்கு மட்டும். பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பெருக்கிப் பாருங்கள். ஒரு கிராம் கலர் பத்து கிலோ மிட்டாய்க்குக் காணும். ஒரு கிலோ டப்பா வாங்கினால் பத்தாயிரம் கிலோவுக்கு! இவ்வளவு சின்ன முதலில் இவ்வளவு பெரிய விற்பனையைத் தூக்கிக் கொடுக்கிற சமாசாரம் சினிமா போஸ்டரைத் தவிர வேறெதுவும் கிடையாது. அனுமதித்த கலரே இவ்வளவு சிக்கனம் என்றால், துணிச் சாயம் அதைவிட மலிவு, அதைவிடப் பளிச். லேபிள் கிடையாது, பில் கிடையாது, சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும். படித்த நாம் என்ன செய்திருப்போமோ அதைத்தான் அவரும் செய்தார்.

எங்கள் தெருமுனை பிரியாணி பாயிடம் கேட்டேன்.

"பாய், கலர் பொடி இல்லாம ஒரு நாள் போட்டா என்ன?"

"போட்டுப் பாத்துட்டேன் தம்பி. 'பாய், பழைய சோறா'ன்னு கேட்டுட்டுப் போய்ட்டானுங்க."

பிரியாணி அந்த அனுமதிப் பட்டியலிலேயே இல்லை என்று சொன்னேன். "பட்டியல் போட்டவரக் கூட்டியா. ஒரு பிளேட் வெள்ளையா வைக்கறேன், சாப்புடட்டும்" என்றார்.

ஆகவே, தடை போட்டால் பொடி போய்விடும், ஆனால் கணக்கு போகாது. கணக்கை மாற்ற ஒரு புது ஆள் வர வேண்டும். அந்த ஆள் வந்துகொண்டிருக்கிறான். கண்ணுக்குத்தான் தெரிய மாட்டான். நுண்ணுயிர். பாக்டீரியா, பூஞ்சை, பாசி வகையறா. இவர்களை வளர்த்து, இவர்கள் உடம்பிலிருந்து கலர் எடுக்கிற வித்தை.

"கிருமியாடா? சாப்பாட்டுலயா?" என்றார் என் அம்மா.

"அம்மா, தினம் ராத்திரி பாலுக்கு உறை ஊத்தறியே, அது யாரு? நம்ம வீட்டு இட்லி மாவு ஏன் பொங்குது?"

"அது வேற, இது வேற" என்று தீர்ப்பு வந்துவிட்டது. அப்பீல் கிடையாது.

* * *

வேற இல்லை என்பதற்கு எங்கள் ஊர் சரித்திரமே சாட்சி. காலடிப்பேட்டைக்கு 2021-ல் மெட்ரோ ரயில் வந்ததிலிருந்து, ஸ்டேஷன் போர்டைப் பார்த்துவிட்டு 'யாரோட காலடி சார்?' என்று கேட்கிற வெளியூர்க்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள். போன மாதம் ஒருத்தர் பெருமாள் காலடியாகத்தான் இருக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலடி இல்லை ஐயா, காலட். ஜோசப் காலட். 1717 முதல் 1720 வரை கோட்டையில் கவர்னர். காலட்பேட்டை என்று பிறந்து, நம் வாயில் விழுந்து எழுந்து காலடிப்பேட்டை ஆயிற்று.

துரை இந்தப் பேட்டையைப் போட்டது கம்பெனி ஏற்றுமதிக்குத் துணி வேண்டும் என்று. நெசவாளிகளைக் குடிவைத்தார். கூடவே 'பெயின்டர்'களையும். சுவருக்கு அடிக்கிறவர்கள் இல்லை, துணியில் பூவும் கொடியும் எழுதுகிறவர்கள். நாம் கலம்காரி என்கிறோம், வெள்ளைக்காரன் சின்ட்ஸ் என்றான். ஆக, எங்கள் பேட்டைக்குக் கடைக்காலே கலரில்தான் போட்டிருக்கிறது. இன்றைக்கு இங்கே நின்றால் தெரிகிற ஒரே கலர் கன்டெய்னர் லாரிகளின் தார்ப்பாய் என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்துச் சிவப்பு, சாயவேர் என்ற சின்னச் செடியின் வேரிலிருந்து வந்தது. கடலோர மணலில் வளரும், இம்பூரல் என்றும் சொல்வார்கள். நீலம் அவுரியிலிருந்து. இந்த அவுரியில் ஒரு தகராறு உண்டு. அதன் நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் துணியில் எப்படி ஏறும்? நம் பக்கத்துச் சாயக்காரர்கள் தொட்டியில் சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும் அவுரியோடு சேர்த்து மூடிப் போட்டுவிடுவார்கள். சில நாளில் உள்ளே புளித்து, நாற்றம் தெருவைத் தூக்கும். மூடிய தொட்டிக்குள் பாக்டீரியா உட்கார்ந்து வேலை பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதை எப்படி வேலை வாங்குவது என்று தெரியும். ஆக்சிஜனை அது பிடுங்கிக்கொள்ள, நீலம் மஞ்சள்பச்சையாகிக் கரைந்துவிடும். துணியை முக்கி எடுத்துக் காற்றில் உதறினால், கண்ணெதிரே பச்சை நீலமாகும். மேஜிக் ஷோவுக்கு டிக்கெட் போட்டிருக்கலாம்.

நுண்ணுயிர் நம் சாயத் தொழிலுக்கு விருந்தாளியாக வரவில்லை சார், வீட்டு ஆள். நடுவில் துரத்திவிட்டோம்.

துரத்தினது யார்? 1721-ல் இங்கிலாந்து பார்லிமென்ட், தன் நெசவாளிகள் போட்ட கூச்சல் தாங்காமல், இந்த மாதிரி சாயத்துணியை உடுத்தவே கூடாது என்று சட்டம் போட்டது. அதையும் தாண்டிப் பிழைத்தோம். அடுத்த அடி 1856-ல். லண்டனில் வில்லியம் பெர்கின் என்று பதினெட்டு வயதுப் பையன், நிலக்கரித் தாரிலிருந்து வந்த பொருளை வைத்து மலேரியாவுக்கு க்வினைன் செய்யப் பார்த்தான். மருந்து வரவில்லை. குடுவையைக் கழுவப் போனால் ஊதா கலர் வந்தது. பையன் புத்திசாலி. மலேரியாவை விட்டுவிட்டுச் சாயக் கம்பெனி ஆரம்பித்துவிட்டான். அப்புறம் வரிசையாக வந்தன. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1860-களின் கடைசியில் ஜெர்மன்காரர்கள் லேபில் செய்தார்கள். 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனி செயற்கை நீலத்தை மார்க்கெட்டுக்கு விட்டது. அவுரி வயல்களில் பெரும்பாலானவை அதோடு சரி. திண்டிவனம் பக்கம் இன்னும் கொஞ்சம் அவுரி விளைவது நம் அதிர்ஷ்டம்.

மலிவுக்கு விலை உண்டு என்பதைத் திருப்பூரில் கேட்டால் சொல்வார்கள். சாயத் தண்ணீரும் உப்பும் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணை சாயத்தொட்டியாகி, 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பனியனின் அடக்கவிலையில் ஆறு ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் லெட்ஜரில் ஏறியது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தைப் பக்கத்திலே வைத்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

* * *

இப்போது புது ஆட்களைப் பார்க்கலாம். ஒருவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்ட அன்றைக்கு பாத்ரூமில் ஒரு பளீர் மஞ்சளைப் பார்த்துப் பதறியிருப்பீர்கள். அது மஞ்சள்காமாலை இல்லை, ரிபோஃப்ளேவின். வைட்டமின் பி2. இதைத் தொழிற்சாலைகளில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். நம் நாட்டில் சாப்பாட்டுக்கு அனுமதித்த இயற்கைக் கலர்களில் இதுவும் ஒன்று. ஆக, கிருமிக் கலரை நாமெல்லோரும் டாக்டர் சீட்டோடு விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.)

அடுத்தவர் ஸ்பைருலினா. பாசி என்று சொல்கிறோம், உண்மையில் பாக்டீரியா ஜாதி. நீலப்பச்சை. உலர்த்தினால் பச்சைப் பொடி. அதிலிருந்து நீலத்தை மட்டும் பிரித்தால் ஃபைக்கோசயனின் என்ற அருமையான கலர் கிடைக்கும். அமெரிக்காவில் 2013-ல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் இதை அனுமதித்தார்கள். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பஸ்ஸில் கண்டக்டர் 'பாரீஸ், பாரீஸ்' என்று கத்துகிறாரே, அந்த பாரி. அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பெரிய தொட்டிகள் கட்டி ஸ்பைருலினா வளர்க்கிறார்கள். தொட்டியில் பச்சைத் தண்ணீர், அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும் சக்கரம், மேலே புதுக்கோட்டை வெயில். நாம் திட்டுகிற அந்த வெயில் அங்கே அசெட் காலத்தில் வருகிறது. அதற்கும் முன்பே தரமணி முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி என்ற விஞ்ஞானி, கிராமத்துப் பெண்கள் வீட்டுப் பக்கத்திலேயே சின்னத் தொட்டியில் இதை வளர்க்கும்படி எளிமையாக்கப் பாடுபட்டார். அவர் நோக்கம் கலர் அல்ல, குழந்தைகளுக்குச் சத்து. சாயம் போடுகிறவர்கள் பட்டியலில் இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

உப்பளம் பார்த்தவர்களுக்கு இன்னொருவரைத் தெரிந்திருக்கலாம். அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் பாத்தி கட்டி உப்பு எடுத்த காலத்தை எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அங்கே நிலக்கரிச் சாம்பல்தான் அதிகம். உப்பளத்தில் வெயில் ஏறித் தண்ணீர் சுண்டச் சுண்ட, பாத்தி சிவக்கும். டுனாலியெல்லா என்ற பாசியும், உப்பிலேயே குடித்தனம் நடத்தும் வேறு சில நுண்ணுயிர்களும் செய்கிற வேலை. அந்தப் பாசி வெயிலுக்குக் குடை மாதிரி பீட்டா கரோட்டினைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. கேரட்டில் இருப்பதே அதுதான். ஆஸ்திரேலியாவில் இதைக் குளம் குளமாக வளர்த்து விற்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது திருவனந்தபுரம் கதை. சீனாவில் பல நூறு வருஷமாக அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளரவிட்டு, சிவப்பரிசி செய்து கறிக்குக் கலர் ஏற்றுகிறார்கள். நம் மத்திய அரசின் திருவனந்தபுரம் ஆராய்ச்சிக் கூடத்தில், 2006 வாக்கில், அரிசிக்குப் பதில் பலாக்கொட்டைப் பொடியில் அதை வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது. கலரும் கொடுத்தது. பலாக்கொட்டை! நாம் சாம்பாரில் நாலு போட்டுவிட்டு மிச்சத்தைக் குப்பையில் கொட்டுகிற சரக்கு. காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவனுக்கு இதைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும்.

இங்கே கொஞ்சம் பிரேக் போட வேண்டும். 'இயற்கை' என்ற வார்த்தையைக் கேட்டதும் பர்ஸைத் திறக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்காக ஒரு செராஷியா கதை. பாத்ரூம் டைல்ஸ் மூலையில் ரோஸ் கலரில் வழவழவென்று கறை படியுமே, பல வீடுகளில் அது செராஷியா மார்சசென்ஸ் என்ற பாக்டீரியாதான். 1819-ல் இத்தாலியில் ஒரு கிராமத்தில் மக்காச்சோளக் களி ராத்திரியோடு ராத்திரியாக ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. ஊரே பேய் என்று அலறியது. பிஸியோ என்ற மருந்துக்காரர், பேயில்லை, நுண்ணுயிர் என்று காட்டினார். அந்தச் சிவப்புக்குப் பேர் ப்ரோடிஜியோசின். பட்டுக்கும் கம்பளிக்கும் அழகாக ஏறும். நூறு சதவீதம் இயற்கை. ஆனால் அந்த பாக்டீரியா ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் படுத்தி எடுக்கிற போக்கிரி. மொனாஸ்கஸும் யோக்கியனில்லை. சில ரகங்கள் கலரோடு சிட்ரினின் என்ற நஞ்சையும் சேர்த்துக் கக்கும். சிறுநீரகத்துக்கு ஆகாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதைச் சாப்பாட்டுக் கலராக ஏற்காததற்கு அது ஒரு காரணம். நஞ்சு கக்காத ரகத்தைப் பொறுக்கி எடுத்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்குப் பணம், வருஷம் இரண்டும் வேண்டும். பூஞ்சை இயற்கை என்பதால் ஃபார்மாலிட்டியைத் தள்ளுபடி செய்ய முடியாது.

அப்புறம், தாங்குமா என்ற கேள்வி. ஸ்பைருலினா நீலம் ஒரு புரதம். சூட்டில் முட்டை கெட்டிப்படுகிற மாதிரி, இதுவும் அறுபது, எழுபது டிகிரி தாண்டினால் தளர்ந்துவிடும். புளிப்பும் ஆகாது. ஐஸ்கிரீமுக்கு ஜோர், கொதிக்கிற சர்க்கரைப் பாகுக்கு ஊஹூம். இதற்கும் ஒருவர் கிடைத்தார். கால்டியேரியா என்ற பாசி, ஆசிட் போன்ற வெந்நீர் ஊற்றுகளில் சந்தோஷமாக வாழும் பிறவி. பேருக்குச் சிவப்புப் பாசி, கொடுப்பது நீலம். ஊற்றிலேயே குடியிருந்தவன் என்பதால் இவன் நீலம் புளிப்பைத் தாங்கும். 2025 மே மாதம் அமெரிக்கா இதை அனுமதித்தது. அதே கையோடு இன்னொரு நீலத்துக்கும் அனுமதியை விரிவாக்கினார்கள். நம்ம சங்குப்பூ!

அமெரிக்காவுக்கு என்ன அவசரம் என்றால், 2025 ஜனவரியில் சிவப்பு நம்பர் 3 என்கிற எரித்ரோசினின் அனுமதியை ரத்து செய்தார்கள். ஆண் எலிகளுக்குத் தைராய்டில் கட்டி வந்த சோதனை அடிப்படையில். இதே எலிகளைக் காட்டி 1990-லேயே லிப்ஸ்டிக் வகையறாக்களில் தடுத்துவிட்டார்கள். உதட்டில் பூசக் கூடாதது, உதட்டைத் தாண்டி உள்ளே போகலாம் என்று முப்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறது. சர்க்கார் ஃபைல் எல்லா நாட்டிலும் ஒரே வேகம்தான் போலிருக்கிறது.

* * *

துணிப் பக்கமும் முயற்சி நடக்கிறது. 1983-லேயே கலிபோர்னியாவில் ஆம்ஜென் கம்பெனிக்காரர்கள், நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு வேறொரு பாக்டீரியாவின் ஜீனை வைத்து அவுரி நீலத்தைத் தயாரிக்க வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் உங்கள் ஜீன்ஸில் அந்த நீலம் இல்லை. காரணம், மறுபடி விலை. இங்கிலாந்தில் கலரிஃபிக்ஸ் என்ற கம்பெனி, கலர் தயாரிக்கும் நுண்ணுயிரை அப்படியே சாயத் தொட்டியில் விட்டுத் துணியில் ஏற்றுகிறது. தண்ணீரும் ரசாயனமும் மிச்சம் என்கிறார்கள். பெரிய துணிக் கம்பெனி பணம் போட்டிருக்கிறது. திருப்பூர்க்காரர்கள் இதைக் கண் வைத்துப் பார்ப்பார்கள், அவர்கள் எதைத்தான் பார்க்கவில்லை.

எனக்குத் துணியைவிட மிட்டாய்தான் கவலை. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெரிய சாக்லெட் கம்பெனிக்கு, மொத்த அடக்கவிலையில் கலரின் பங்கு தம்மாத்தூண்டு. நுண்ணுயிர்க் கலர் இருபது மடங்கு விலை என்றே வைத்துக்கொள்வோம். அவன் விலையில் ஒரு ரூபாய் ஏற்றி, அட்டையில் 'இயற்கை வண்ணம்' என்று பச்சை இலை போட்டால், மேலே லாபமும் பார்த்துவிடுவான். மால்களில் திரிகிற குழந்தைக்குப் பாசி நீலம் கிடைத்துவிடும். திருவொற்றியூர் தேரடியில் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு? அந்த மிட்டாய்க்காரர் கலரை டின்னாக வாங்குகிறவர் இல்லை. அன்றாட முதலில் பத்து ரூபாய்க்குப் பொட்டலம் வாங்குகிறவர். நல்ல கலர் எதுவும் அந்த அளவில், அந்தக் கடையில் கிடைப்பதில்லை. கெட்ட கலர் கிடைக்கிறது. அறியாமையைவிட பொட்டலம்தான் இங்கே பிரச்னை என்று நினைக்கிறேன்.

பொட்டலம் என்றால் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஷாம்பு பாட்டில் பணக்காரர் வீட்டு அலமாரியில் இருந்த காலத்தில், அதைச் சின்ன சாஷேயில் அடைத்துப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கவிட்டவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். ஷாம்பின் ஃபார்முலாவில் அவர் புரட்சி எதுவும் செய்யவில்லை. அளவை மாற்றினார். ஊரே தலைக்குக் குளித்தது.

கலருக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சூடு தாங்கும், சோதனை பாஸான, ஐந்து கிலோ சர்க்கரைக்குப் போதுமான ஒரு சாஷே, ரோடமின் விற்கிற அதே கடையில், அதே ஆணியில். புதுக்கோட்டையில் தொட்டி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பலாக்கொட்டை ஆராய்ச்சி இருக்கிறது. கடலூரில் பொட்டலம் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காலடிப்பேட்டையில், முந்நூறு வருஷ அனுபவம் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ள உரிமை இருக்கிறது.

பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பனிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். நடுவில் ஒரு காபிகூட வரவழைத்தான்.

"ஐடியா நல்லாத்தான் இருக்கு. செக்யூரிட்டி என்னடா குடுப்பே?"

பாரத்தில் 'பலாக்கொட்டை, இரண்டு டன்' என்று எழுதிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.